அக்காவின் வெல்வெட் ரவிக்கை

ரவிக்கைக்கு உள்ளே கொடுத்துத் தைக்கும் துணியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் கணவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டார். நான் கதை எழுதுவதில் அவருக்கு என்றைக்குமே ஆட்சேபம் இருந்ததில்லை. இது மட்டும் அவருக்குச் சற்று அதிகமாகப் பட்டது போலும். "லைனிங் துணி என்றால் லைனிங் துணி. அதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது?" என்றார்.

போன மார்கழி வரையில் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதத்தில்தான் என் அக்காவின் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. தையில் முகூர்த்தம். அக்காவுக்கு எழுபத்து நாலு வயது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். இரண்டு வருஷங்களாக அவளுக்கு வலது தோள் இறுகிப் போயிருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இது அதிகமாக வருமாம். கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்க முடியாது. பின்னால் கொண்டுபோகவே முடியாது. சாப்பிடுவாள், எழுதுவாள், கோலம் கூடப் போடுவாள். ரவிக்கை மட்டும் போட்டுக்கொள்ள முடியாது.

தினமும் காலையில் மருமகள் வந்து போட்டுவிட வேண்டும். மருமகள் பொல்லாதவளாக இருந்திருந்தால் அக்காவுக்கு வசதியாக இருந்திருக்கும். சண்டை போட்டுவிட்டுக் காரியத்தைச் சாதித்துக்கொண்டிருப்பாள். அவளோ தங்கமான பெண். கூப்பிட்ட குரலுக்கு அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவாள். அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை. முதலில் வெள்ளிக்கிழமைக் கோயிலை விட்டாள். பிறகு நூல் நிலையத்துக்குப் போவதை விட்டாள். பிறகு வீட்டில் முழு நேரமும் நைட்டிதான். "சௌகரியமாக இருக்குடி" என்பாள். காலை ஏழு மணிக்குக் கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் பள்ளிக்கூடம் கிளம்பின அக்காவைப் பார்த்தவள் நான். அவள் சொன்ன சௌகரியத்தை என்னால் நம்ப முடியவில்லை.

கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அச்சாகி வந்த அன்றைக்கு, "நான் வீட்டிலேயே இருந்து ஆசீர்வாதம் பண்ணுகிறேன். மண்டபத்திலே எனக்கு என்ன வேலை?" என்றாள். பேத்தி அழுதாள். மகன் கோபித்துக்கொண்டான். எனக்கு மட்டும் விஷயம் புரிந்தது. முகூர்த்தத்தன்று விடியற்காலையில், மண்டபத்து அறையில் பத்துப் பெண்கள் சூழ நிற்க, கல்யாணப் பெண்ணின் தாயார் தன் மாமியாருக்கு ரவிக்கை போட்டுவிட்டுக்கொண்டிருக்க வேண்டும். அக்கா அதற்குச் சம்மதிப்பாளா?

"உனக்கு நீயே போட்டுக்கொள்கிற மாதிரி ஒன்று நான் தைத்துத் தருகிறேன்" என்று வாய் விட்டேன். எங்கள் அம்மாவின் கறுப்புத் தலை மிதி மிஷின் என்னிடம் இருக்கிறது. சுமாராகத் தைப்பேன். சுமார் என்பதை அழுத்திச் சொல்லுகிறேன்.

இழுத்தால் இழுபடுகிற ஆயத்த ரவிக்கைகள் இப்போது எல்லா ஊரிலும் விற்கின்றன. ஒன்று வாங்கி வந்து காட்டினேன். அக்கா அதை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, "பனியன்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஆகையால் மேல் துணி பனியன் போல இருக்கக் கூடாது. கோவையில் ஜவுளிக் கடை கடையாக ஏறி இறங்கியதில் அரக்கு நிறத்தில் ஒரு வெல்வெட் அகப்பட்டது. பார்த்தால் அசல் வெல்வெட். இழுத்தால் நாலு பக்கமும் நீளுகிறது. அக்கா தன் கல்யாணத்தில் அரக்கு வெல்வெட் ரவிக்கை போட்டுக்கொண்டவள். துணியைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஆனால் அந்த வெல்வெட்டை அப்படியே உடம்பில் போட முடியாது. அதன் பின்புறம் முழுக்கப் பாலியெஸ்டர். அரை மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டும். தோளில் புடவையின் கனம் விழுந்தால் தொங்கிவிடும். உள்ளே ஒரு துணி கொடுத்தே ஆக வேண்டும். அதற்கென்ன, வீட்டில் இருக்கவே இருக்கிறது வழக்கமான டூ பை டூ பருத்தி. ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டு, உலர்த்தி, நிழல் போல ஒட்டி வரும்படி வெட்டி அழகாகத் தைத்தேன்.

மறு நாள் அக்கா போட்டுப் பார்த்தாள். இப்படிப்பட்டவர்கள் நோவுள்ள கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்று உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் பெண் சொல்லியிருந்தாள். அதன்படி வலது கை போயிற்று. துணியை முதுகுப் பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து இடது கையை விட வேண்டும். பாதி போயிற்று, அப்புறம் போகவில்லை. திரும்பி வரவும் இல்லை. முதுகில் துணி இறுகிக்கொண்டு வலது தோளைப் பின்னால் இழுத்தது. அக்கா கத்தின கத்தலில் மருமகள் கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். கத்தரிக்கோலால் இடுப்பிலிருந்து மேலே வெட்டி எடுத்தோம். "போதும்டி உன் தையல்" என்றாள் அக்கா. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. வலியினால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை அது.

வீட்டுக்கு வந்து வெட்டுப்பட்ட ரவிக்கையை மடியில் போட்டுக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். வெல்வெட்டைத் தனியே இழுத்தால் ஒன்றரை பங்கு நீளுகிறது. பருத்தியோடு சேர்த்து இழுத்தால் ஒரு விரற்கடை கூட அசைய மாட்டேன் என்கிறது. மேலே எவ்வளவு இளகின துணி போட்டாலும், உள்ளே இருப்பது எவ்வளவு விட்டுக்கொடுக்கிறதோ அவ்வளவுதான் உடுப்பு விட்டுக்கொடுக்கும். ஆயிரம் ரவிக்கை பார்த்தவளுக்கு இந்தச் சின்ன விஷயம் அறுபது வயதுக்கு மேல் விளங்கிற்று!

பிறகு நான் கொஞ்சம் ஒழுங்காக யோசிக்க ஆரம்பித்தேன். அக்கா சௌகரியமாக நிற்கும்போது முதுகின் அகலம் 36 செண்டிமீட்டர். இடது கை நுழைகிற அந்தக் கணத்தில் மட்டும் துணி 45 வரைக்கும் போக வேண்டும். அதாவது நாலில் ஒரு பங்கு நீளம் கூட வேண்டும். கை நுழைந்த பிறகு பழைய 36-க்குத் திரும்பி வந்துவிட வேண்டும். நீளுவது ஒரு குணம், திரும்புவது வேறு குணம் என்பதை அப்போது நான் பிரித்துப் பார்க்கவில்லை. அது பின்னால் தெரிந்தது.

முதலில் நம் தையற்காரர்களின் பழைய வித்தையைச் செய்து பார்த்தேன். நெய்த துணியில் ஊடும் பாவும் நேராகப் போகின்றன. அந்த இரண்டு திசையிலும் அது அசையாது. கோணலாக, மூலைக்கு மூலை பிடித்து இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும். கிராஸ் கட்டிங் ரவிக்கை மார்பில் அழகாகப் படிவதன் ரகசியம் இதுதான். பாரிஸில் மாதலேன் வியோனே என்ற அம்மாள் 1920-களில் முழு உடைகளையே இப்படிக் கோணலாக வெட்டிப் பெயர் வாங்கினாள். நானும் உள்துணியைக் கிராஸாக வெட்டினேன். துணி இரட்டிப்பாகச் செலவாயிற்று. நெகிழ்ச்சி வந்தது வாஸ்தவம்தான். ஆனால் அகலத்தில் நீண்டால் உயரத்தில் சுருங்கிற்று. ஒரு ராத்திரி கொடியில் தொங்க விட்டதில் ஓரம் ஒரு பக்கம் இறங்கி, ஒரு பக்கம் ஏறி, பல்லிளித்தது. அக்காவிடம் கொண்டுபோகவே இல்லை.

அடுத்தது, நாட்டிய உடை தைக்கும் சாமான்கள் விற்கிற கடையில் சொன்ன பவர் நெட். கொசுவலை மாதிரி இருக்கும், பிரமாதமாக இழுபடும். ஆனால் இழுபட்டதற்கெல்லாம் வட்டி சேர்த்து வாங்கிவிடும். உடம்பை இறுக்கிப் பிடிப்பதற்கென்றே செய்த துணி அது. நோவுள்ள தோளுக்கு இறுக்கிப் பிடிக்கிற துணியையா கொடுப்பது? மீட்டர் கணக்கில் வாங்கியதை மீன் வலை என்று சொல்லிப் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் என் கணவர், "பனியன் துணி வேண்டுமானால் திருப்பூருக்குப் போக வேண்டியதுதானே? இங்கே உட்கார்ந்துகொண்டு என்ன?" என்றார். அவர் கேலியாகச் சொன்னார். நான் மறு நாள் காலை ரயிலில் ஏறிவிட்டேன். ஒரு மணி நேரப் பிரயாணம்.

திருப்பூரில் பின்னல் துணியை மீட்டரில் அளப்பதில்லை, கிலோவில் நிறுக்கிறார்கள். நான் போன கடையில் ஓர் இளைஞன், எனக்குப் பேரன் வயது இருக்கும், கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னான். "எதுக்குங்க அம்மா துணி?" என்று கேட்டான். நான் தோள், வெல்வெட், கத்தரிக்கோல் எல்லாவற்றையும் சொன்னேன். கதை எழுதுகிறவளுக்குச் சுருக்கமாகச் சொல்ல வருமா? அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு துணியை என் கையில் கொடுத்து, "இதை இழுத்துப் பாருங்க" என்றான். இழுத்தேன். நீண்டது. "விடுங்க" என்றான். விட்டேன். இழுத்த இடம் முட்டியில் தேய்ந்த கால்சட்டை மாதிரி புடைத்துக்கொண்டு நின்றது. "இது சுத்தப் பருத்தி சிங்கிள் ஜெர்சிங்க. போகும், திரும்ப வராது. இப்ப இதைப் பாருங்க" என்று இன்னொன்றைக் கொடுத்தான். அது போயிற்று, விட்டதும் ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வந்தது. "இதுல நூத்துக்கு அஞ்சு பங்கு லைக்ரா சேர்ந்திருக்குதுங்க."

பின்னல் துணியில் ஒரே நூல் வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டு போகிறது. அந்த வளையங்கள் அகண்டு கொடுப்பதால்தான் அது இழுபடுகிறது. ஆனால் பருத்தி வளையத்துக்குத் திரும்பும் ஞாபகம் இல்லை. அந்த ஞாபகத்தைக் கொடுப்பது லைக்ரா என்கிற ரப்பர் போன்ற நூல். அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற ரசாயன நிபுணர் 1958-இல் அதைக் கண்டுபிடித்தார். எனக்கும் அந்த நூலுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அது நன்றாக இழுபட்டுத் திரும்பி வருகிறது. நான் மாடிப்படி ஏறினால் திரும்பி வர அரை மணி ஆகிறது.

வீட்டில் யாராவது இந்த மாதிரி துணி வாங்கப் போனால், கடையில் நின்ற நிலையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்றை அந்தப் பையன் சொன்னான். துணியை மடித்து, மடிப்பில் 10 செண்டிமீட்டர் இடம் விட்டு இரண்டு குண்டூசி குத்த வேண்டும். அளவுகோலின் மேல் வைத்து, வலிந்து இழுக்காமல், தானாக எவ்வளவு தூரம் வருகிறதோ அவ்வளவு இழுக்க வேண்டும். 15-க்கு வந்தால் பாதிப் பங்கு நீளுகிற துணி. விட்டதும் 10-க்கே திரும்ப வேண்டும். மேல் துணி எவ்வளவு வருகிறதோ, உள்துணியும் குறைந்தபட்சம் அவ்வளவு வர வேண்டும். கூட வந்தால் இன்னும் நல்லது. எந்தத் திசையில் அதிகமாக இழுபடுகிறதோ அந்தத் திசை உடம்பைச் சுற்றி வரும்படி வெட்ட வேண்டும். நான் பையிலிருந்து வெல்வெட் துண்டை எடுத்துக் காட்டினேன். இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒன்றாக இழுத்தான். ஒன்றாகப் போயின, ஒன்றாக வந்தன. எனக்குக் கல்யாணமே முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

அங்கேதான் ஒரு தவறு செய்தேன். தடிமனைக் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து வெல்வெட்டோடு சேர்த்து உடம்பின் மேல் வைத்துப் பார்த்தால் மெத்தை உறை போட்டுக்கொண்டது போல் இருந்தது. துணியின் கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று கணக்குப் பண்ணுகிறார்கள். கடைக்காரர்கள் ஜிஎஸ்எம் என்பார்கள். பத்துக்குப் பத்து செண்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு வெட்டி நிறுத்து, வந்த கிராமை நூறால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். சமையலறைத் தராசில் இது பிடிபடாது. தெருக்கோடி நகைக் கடைக்காரரிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் தங்கம் நிறுக்கும் தராசில் பனியன் துணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை என் நாவல் ஒன்றில் கட்டாயம் பயன்படுத்திக்கொள்வேன். இரண்டு கிராமும் சொச்சமும் இருந்தது. அதாவது 200-க்கு மேல். சட்டை தைக்கலாம், சட்டைக்கு உள்ளே வைத்துத் தைக்கலாமா?

மறுபடியும் திருப்பூர். இந்தத் தடவை, கைப்பிடிக்குள் சுருட்டினால் அடங்குகிற, அடியில் விரலை வைத்தால் விரலின் நிறம் லேசாகத் தெரிகிற துணியாகப் பார்த்து எடுத்தேன். 140 கிராம் கணக்கு. ஒரு கிலோவுக்குக் குறைந்து தர மாட்டேன் என்றார்கள். ஒரு கிலோ என்றால் ஏழு சதுர மீட்டர்! ஒரு கல்யாணத்துக்கு வந்த பெண்கள் எல்லாருக்கும் தைக்கலாம்.

தைப்பது வேறு சங்கடம். இந்தத் துணியை வெட்டின உடனே ஓரம் பாய் சுருட்டின மாதிரி சுருண்டுகொள்கிறது. ஓரங்களுக்கு மெல்லிய அரிசிக் கஞ்சி தடவி உலர்த்தியதும் சொன்னபடி கேட்டது. கஞ்சி பிற்பாடு ஒரு தண்ணீரில் போய்விடும். மிஷினில் வைத்தால் நாலு தையலுக்கு ஒன்று விட்டுப் போயிற்று. ஊசிதான் காரணம். கூரான ஊசி நூலைக் குத்தி அறுக்கும். முனை மழுங்கின பால்பாயிண்ட் ஊசி என்று ஒன்று, 11-ஆம் நம்பர், வளையங்களை விலக்கிக்கொண்டு இறங்கும். மிஷினும் நேர்த் தையல் தவிர வேறு அறியாத பழைய மிஷின். துணி நீளும்போது நேர்த் தையல் நீளாமல் படபடவென்று தெறிக்கும். ஆகவே பாலியெஸ்டர் நூல் போட்டு, ஊசிக்கு முன்னும் பின்னும் இரண்டு கையாலும் துணியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டே தைத்தேன். அக்குளில் மட்டும் மிஷினை நம்பாமல் கையாலேயே பின்தையல் போட்டேன்.

எல்லா இடமும் இழுபடவும் கூடாது. கொக்கிப் பட்டி இழுபட்டால் கொக்கிகள் வாயைப் பிளக்கும். அதற்கு நம் பழைய பருத்தியே சரி. தோள் தையலில் ஒரு நாடா கொடுத்தேன், புடவை இழுக்காமல் இருக்க.

கடைசியில் ஒரே ஒரு தொல்லை மிச்சம் இருந்தது. பருத்திப் பின்னல் உடம்புக்கு நல்லது, வேர்வையை உறிஞ்சும். ஆனால் அது தோலைப் பற்றிக்கொள்ளும். மடக்க முடியாத கை ஒரு குழாய்க்குள் போகும்போது பற்றிக்கொள்கிற துணி எப்படி உதவும்? கோட்டுத் தைக்கிறவர்கள் கைக்குள் மட்டும் வழுக்குகிற துணி கொடுப்பது ஞாபகம் வந்தது. பழைய நைலான் உள்பாவாடை ஒன்று பெட்டியில் கிடந்தது. டிரைகாட் என்பார்களே, அந்தப் பின்னல். இழுத்தாலும் ஓடிப் போகாது, பட்டுப் போல் வழுக்கும். முழு ரவிக்கைக்கும் அதைப் போட்டால் கோவையின் தை மாதத்தில் கூடப் புழுங்கும். வலது கைக்கு மட்டும் போட்டேன்.

முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னதாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். "இப்போது போட்டுப் பாரேன்" என்று கெஞ்சினேன். "பார்க்கிறேன்" என்றாளே தவிர எழுந்திருக்கவில்லை. அன்று நடந்ததை அவள் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை, அதற்கு மேல் வற்புறுத்த வாய் வரவில்லை.

முகூர்த்தத்தன்று காலை நாலரை மணிக்கு நான் மண்டபத்துக்குப் போனபோது அக்கா வந்திருந்தாள், நைட்டியின் மேல் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு. கையில் ஒரு துணிப் பை. மருமகள் அறை வாசலில், தலையில் பூவும் கையில் தாம்பாளமுமாக, "அத்தை, நான் வரட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு நின்றாள். "நீ போய் உன் பெண்ணைக் கவனி" என்றாள் அக்கா. உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தைக் கேட்டு எனக்கு வயிற்றைக் கலக்கியது. மருமகள் போகாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே சத்தமே இல்லை. ஒரு தரம் "ஹூம்" என்றது. நாங்கள் இரண்டு பேரும் கதவை நோக்கி ஓரடி வைத்தோம். பிறகு வளையல் சத்தம். புடவைக் கொசுவத்தை உதறுகிற சத்தம். கீழே நாயனக்காரர் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. அரக்கு வெல்வெட், மேலே பச்சைப் பட்டு. அக்கா என்னைப் பார்த்தாள். என் முகத்தையோ, மருமகளின் கண்ணில் பெருகின தண்ணீரையோ கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பழைய கணக்கு டீச்சர் தப்புக் கணக்குக்குச் சுழிக்கிற மாதிரி இடது கையைத் தூக்கி ரவிக்கைக் கையைச் சுட்டிக் காட்டினாள்.

"ஏண்டி, வலது கைக்கு மட்டும் வழவழவென்று போட்டிருக்கிறாயே, இடது கை என்ன பாவம் பண்ணிற்று? அந்த ஒரு கிலோவில் மிச்சம் இருக்கிறதல்லவா? அடுத்ததிலாவது இரண்டு கைக்கும் போடு. வெள்ளிக்கிழமைக்கு ஒன்று வேண்டும்."